2007-இன் இண்டி ஆல்பங்கள்: என் வரிசையும் அதற்கான காரணமும்

கேள்வி இதுதான்: 2007-இல் வெளிவந்த இண்டி ஆல்பங்களில் உங்களுக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்தினால் எப்படி இருக்கும்? எதை வைத்து ஒன்றை இன்னொன்றுக்கு மேலே வைப்பீர்கள்?

வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலிடம் பரியலின் ‘அன்ட்ரூ’. இரண்டாவது எம்.ஐ.ஏ.வின் ‘கலா’. மூன்றாவது ரேடியோஹெட்டின் ‘இன் ரெயின்போஸ்’. நான்காவது போன் ஈவேரின் ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’, ஐந்தாவது த நேஷனலின் ‘பாக்ஸர்’, ஆறாவது பாண்டா பேரின் ‘பர்சன் பிட்ச்’, ஏழாவது ஆஃப் மாண்ட்ரியாலின் ‘ஹிஸ்ஸிங் ஃபானா, ஆர் யூ த டிஸ்ட்ராயர்?’. கடைசி மூன்று இடங்களில் ஸ்பூனின் ‘கா கா கா கா கா’, ஆர்கேட் ஃபயரின் ‘நியான் பைபிள்’, பேட்டில்ஸின் ‘மிரர்ட்’.

வருடக் கடைசியில் போடும் பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் முதல் வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஜனவரியில் வந்த ஆல்பத்தைப் பதினொரு மாதம் கேட்டிருப்போம், நவம்பரில் வந்ததை நாலு வாரம்தான் கேட்டிருப்போம். ‘அன்ட்ரூ’ வெளிவந்தது 2007 நவம்பர் 5 அன்று. ‘ஹிஸ்ஸிங் ஃபானா’ வந்தது ஜனவரியில். இரண்டையும் அந்த டிசம்பரிலேயே தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் இது அந்த வருடமே எழுதிய பட்டியல் இல்லை. பல வருடம் திரும்பத் திரும்பக் கேட்டு, இடம் மாற்றி மாற்றி, இப்போது ஓரளவு நிலைத்து நிற்கிற பட்டியல்.

அடுத்தது, எதெல்லாம் இதற்குள் வரும்? ‘இண்டி’ என்பதை இன்று பலர் ஒரு வகை ஓசைக்கான பெயராகப் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய குரல், கிடார், கொஞ்சம் சோகம் இருந்தால் இண்டி. எனக்கு அந்தப் பொருள் போதாது. பிரிட்டனில் 1980-இல் தனி இண்டி சார்ட் தொடங்கியபோது அளவுகோல் தெளிவாக இருந்தது: பெரிய நிறுவனங்களின் விநியோக வலையைச் சாராமல் கடைக்குப் போகும் இசைத்தட்டு இண்டி. பாட்டு எப்படி ஒலித்தாலும் சரி. 2007-இல் பெரிய நிறுவனங்கள் நான்கு: யுனிவர்சல், சோனி பிஎம்ஜி, வார்னர், ஈஎம்ஐ. என் விதி எளியது. ஒலிப்பதிவுக்குப் பணம் போட்டு, அந்தக் கலைஞரை முதலில் ஏற்றுக்கொண்டு வெளியிட்டது இந்த நான்குக்கு வெளியே இருக்கும் ஒருவரா என்று மட்டும் பார்க்கிறேன்.

இந்த விதியால் எனக்கு நஷ்டமும் உண்டு. எல்சிடி சவுண்ட்சிஸ்டத்தின் ‘சவுண்ட் ஆஃப் சில்வர்’ அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஆல்பங்களில் ஒன்று. ‘ஆல் மை ஃப்ரெண்ட்ஸ்’ பாட்டில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஒரே பியானோ வரி ஓடுகிறது. கொஞ்சம் தடுமாறி, கையால் வாசிப்பது தெரியும்படி. அது வளர்ந்துகொண்டே போவதைக் கேட்டு நெஞ்சடைக்காத நாள் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் குழுவை நடத்திய ஜேம்ஸ் மர்ஃபியின் டிஎஃப்ஏ லேபிள் (லேபிள் என்றால் இசை வெளியீட்டு நிறுவனம்) அப்போது ஈஎம்ஐயுடன் ஒப்பந்தத்தில் இருந்தது. விதி விதிதான், வெளியே வைத்துவிட்டேன். பி.ஜே. ஹார்வியின் ‘வைட் சாக்’கும் அப்படித்தான் போனது. அது யுனிவர்சலுக்குச் சொந்தமான ஐலண்டில் வந்தது.

‘கலா’ அமெரிக்காவில் இன்டர்ஸ்கோப் வழியாக வந்ததே, அது யுனிவர்சல்தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் எம்.ஐ.ஏ.வை முதலில் ஏற்றுக்கொண்டது லண்டனின் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ். அது பெகர்ஸ் குழுமத்தைச் சேர்ந்த சுயாதீன லேபிள். அந்த வேர் எனக்குப் போதும். ரேடியோஹெட் விஷயத்தில் தயக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஆறு ஆல்பங்களை ஈஎம்ஐயின் பணத்தில் செய்து புகழ் பெற்றவர்கள் அவர்கள். ஆனால் 2003-இல் வந்த ‘ஹெயில் டு த தீஃப்’போடு அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ‘இன் ரெயின்போஸ்’ உருவானபோது அவர்களுக்கு லேபிளே கிடையாது. ஆல்பத்தை வைத்துப் பார்த்தால் இதைவிடச் சுயாதீனமாக ஒன்று இருக்க முடியாது.

போன் ஈவேர் பற்றியும் ஒரு வார்த்தை. பலருடைய பட்டியலில் அது 2008-இல் இருக்கும். ஜாக்ஜாகுவார் லேபிள் அதை 2008 பிப்ரவரியில்தான் வெளியிட்டது. ஆனால் போன் ஈவேர் என்ற பெயரில் பாடும் ஜஸ்டின் வெர்னான் அதற்கு முன்பே, 2007-இல், தானாகவே சில நூறு சிடிகள் போட்டு வெளியிட்டிருந்தார். காசு கொடுத்து ஒருவர் வாங்க முடிந்த முதல் நாளே ஓர் ஆல்பத்தின் பிறந்தநாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, வரிசைப்படுத்துவது எப்படி? நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகை ‘பாஸ் அண்ட் ஜாப்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் விமர்சகர்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. ஒவ்வொரு விமர்சகரும் பத்து ஆல்பங்களை எடுத்து நூறு புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஓர் ஆல்பத்துக்கு அதிகபட்சம் முப்பது, குறைந்தபட்சம் ஐந்து. இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரே அளவு தூரம் இருப்பதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. புள்ளி கொடுக்கும்போது அப்படித் தப்பிக்க முடியாது. இதற்கு ஒரு புள்ளி கூட்டினால் இன்னொன்றிடமிருந்து பிடுங்கியாக வேண்டும். கை தயங்கும் இடத்தில்தான் உண்மையான விருப்பம் தெரியும்.

நான் கொடுத்தது இப்படி: ‘அன்ட்ரூ’ 18, ‘கலா’ 17, ‘இன் ரெயின்போஸ்’ 14, போன் ஈவேர் 11, ‘பாக்ஸர்’ 10, ‘பர்சன் பிட்ச்’ 8, ‘ஹிஸ்ஸிங் ஃபானா’ 7, மீதி மூன்றுக்கும் தலா 5. இரண்டாவதுக்குப் பிறகும் மூன்றாவதுக்குப் பிறகும் ஒரு பள்ளம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கடைசி மூன்றின் வரிசையில் பெரிய அர்த்தம் ஏதுமில்லை என்பதும் தெரிகிறது. அதை யாராவது தலைகீழாக மாற்றினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

புள்ளிகளை எழுதி முடித்த பிறகுதான் எனக்கே ஒன்று புரிந்தது. மேலே நிற்கும் ஆல்பங்கள் எல்லாம் ஏதோ ஒரு குறையிலிருந்து பிறந்தவை. கருவி இல்லை, விசா இல்லை, ஆள் இல்லை, உடம்பு சரியில்லை. அந்த இல்லாமை வெறும் பின்கதையாக நின்றுவிடாமல் ஓசைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. கேட்டாலே தெரியும். எல்லா வசதியும் கிடைத்தவர்கள் செய்தவை பட்டியலில் கீழே இருக்கின்றன. நான் திட்டமிட்டுச் செய்ததில்லை இது. என் காது அப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறது.

‘அன்ட்ரூ’ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பரியல் தென் லண்டன்காரர். அப்போது அவர் யார் என்றே வெளியுலகுக்குத் தெரியாது. ஹைப்பர்டப் என்ற சிறிய லேபிளில் 2006-இல் முதல் ஆல்பம், அடுத்த வருடம் இது. பெயர் வில்லியம் பெவன் என்பது 2008-இல்தான் வெளியே வந்தது. எலக்ட்ரானிக் இசை செய்பவர்கள் பொதுவாக சீக்வென்சர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவார்கள். திரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும், டிரம் அடிகளை அந்தக் கட்டங்களில் வைத்தால் தாளம் துல்லியமாக நிற்கும். பரியல் அதைப் பயன்படுத்தவில்லை. அவரிடம் இருந்தது சவுண்ட் ஃபோர்ஜ். ஒலிக்கோப்பை வெட்டவும் ஒட்டவும் மட்டுமான எடிட்டர் அது. அதில் தாளக்கட்டங்கள் வைத்து வேலை செய்யவில்லை அவர். ஒலி அலையின் உருவத்தைக் கண்ணால் பார்த்து, இந்த இடம் சரியாக இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் அடியை ஒட்டினார்.

அதன் விளைவை ‘ஆர்க்கேஞ்சல்’ தொடங்கிய சில வினாடிகளிலேயே கேட்கலாம். டிரம் அடி ஒவ்வொன்றும் வர வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்போ பின்போ வருகிறது. இயந்திரம் அடிக்கிற தாளம் இல்லை, மனிதர் வாசிக்கிற தாளமும் இல்லை. ஈரமான தெருவில் யாரோ அவசரமாக நடந்து போவதுபோல் இருக்கிறது. மேலே ஒரு குரல். அது ரே ஜேயின் ஆர் அண்ட் பி பாட்டிலிருந்து எடுத்த துண்டு. ஸ்ருதியை ஏற்றி இறக்கி, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி ஆக்கியிருக்கிறார். வாக்கியம் முடிவதற்குள் அறுந்து போகும், திரும்ப வரும், வேறு உயரத்தில் வரும். பின்னால் பழைய ரெக்கார்டின் பொரிச்சல், மழை. டிரம் ஓசைகளுக்கு நடுவே வீடியோ கேமிலிருந்து எடுத்த உலோகச் சத்தங்கள்கூட உண்டு.

சொந்தமாக ஒரு பாடகர் கிடைத்திருந்தால் இந்தக் குரல் பிறந்திருக்காது. கட்டம் போட்ட மென்பொருளில் செய்திருந்தால் இந்தத் தாளம் பிறந்திருக்காது. கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம், பதின்மூன்று டிராக். எனக்கு முதல் தடவை கேட்டபோது எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது, நேர்மையாகச் சொல்கிறேன். பத்தாவது தடவைக்குப் பிறகு ‘எட்ச்டு ஹெட்பிளேட்’டும் ‘ஷெல் ஆஃப் லைட்’டும் தனித்தனி அறைகளாகத் திறந்தன. கடைசி டிராக் ‘ரேவர்’ முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டிருக்கிறேன், எத்தனையோ இரவுகள். 2008-இல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இது இருந்தது, பரிசு எல்போ குழுவுக்குப் போனது. எல்போ நல்ல குழு. ஆனாலும் எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

‘கலா’வைப் பற்றித் தமிழில் எழுதும்போது முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் ஈழத் தமிழ்ப் பெண். இந்த ஆல்பத்துக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்தார். 2005-இல் வந்த முந்தைய ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர், ‘அருளர்’. நம்மவர் என்ற பாசம் என் தீர்ப்பை வளைத்துவிடுமோ என்று பயந்து, நான் இதைப் பல வருடம் ஐந்தாவது இடத்தில் வைத்திருந்தேன். பிறகு யோசித்தேன். பாசம் காரணமாக மேலே ஏற்றுவது தவறு என்றால், பாசத்துக்குப் பயந்து கீழே இறக்குவதும் அதே அளவு தவறுதானே. பாட்டை மட்டும் கேட்டேன். அது தானாக ஏறி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது.

இதன் குறை விசா. அமெரிக்காவுக்குப் போய் இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் சேர்ந்து ஆல்பத்தின் பெரும்பகுதியைச் செய்வதுதான் முதல் திட்டம். 2006-இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அதனால் அவர் வேறு திசைகளில் கிளம்பினார்: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான். போன இடத்திலெல்லாம் கிடைத்த ஓசையைச் சேர்த்தார். டிம்பலாண்டுடன் செய்த ‘கம் அரவுண்ட்’ கடைசியில் ஒரே ஒரு பாட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆல்பத்திலேயே வலுவில்லாத பாட்டு அதுதான். திட்டமிட்டபடி நடந்திருந்தால் ஆல்பம் முழுக்க அப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே திக்கென்கிறது.

முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’. அதற்குள் ‘தளபதி’யில் இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டு இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் ஒலிபெருக்கியில் கேட்ட அந்தப் பாட்டு, லண்டன் பேஸ் ஓசைக்கு நடுவே வேகமாக ஓடும் வண்டியின் சன்னலில் தெரிகிற முகம்போல் வந்து போகும். ‘பேர்ட் ஃப்ளூ’வில் ‘ஜெயம்’ படத்தின் ‘திருவிழான்னு வந்தா’ பாட்டிலிருந்து எடுத்த துண்டு. ஆனால் இப்படி எடுத்த துண்டுகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உறுமி.

உறுமி தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் வருகிற ‘ம்ம்ம்’ என்ற உறுமல் ஒரே ஸ்ருதியில் நிற்காது, ஏறி இறங்கி வழுக்கிக்கொண்டு போகும். கிளப் இசையில் கம்ப்யூட்டரில் செய்கிற ஆழமான பேஸ் ஒலி வழுக்குவதும் ஏறக்குறைய அதே அசைவுதான். ‘பேர்ட் ஃப்ளூ’விலும் ‘பாய்ஸ்’ பாட்டிலும் எம்.ஐ.ஏ.வும் தயாரிப்பாளர் ஸ்விட்சும் செய்திருக்கும் பெரிய வேலை இந்த உறவைக் கண்டுபிடித்ததுதான். மேளத்தை அலங்காரமாக மேலே தூவவில்லை. பேஸ் செய்ய வேண்டிய வேலையை உறுமியிடம் கொடுத்துவிட்டார்கள். தாளம் தரையிலிருந்து வருகிறது. அந்த வருடத்தில் வேறு எந்த ஆல்பமும் இப்படி ஒலிக்கவில்லை.

‘பேப்பர் பிளேன்ஸ்’ எல்லோருக்கும் தெரியும். 2008-இல் ஒரு ஹாலிவுட் பட டிரெய்லரில் வந்த பிறகு அமெரிக்கப் பட்டியலில் நான்காவது இடம்வரை போன பாட்டு. அடியில் ஓடுவது த கிளாஷ் குழுவின் 1982 பாட்டு ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. குடியேறிகளைப் பற்றி வெள்ளைக்காரப் பங்க் குழு பாடிய பாட்டின் மேல், குடியேறியான ஒரு பெண் தன் பக்கத்தைச் சொல்கிறார். பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும். விசா மறுக்கப்பட்ட கோபம் இதைவிடத் துள்ளலான பாட்டாக மாற முடியுமா என்று தெரியவில்லை. அந்த வருடம் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை ‘கலா’வுக்குத்தான் முதலிடம் கொடுத்தது. என் கணக்கில் ‘அன்ட்ரூ’வைவிட ஒரே ஒரு புள்ளி குறைவு. அந்தப் புள்ளியும் ‘கம் அரவுண்ட்’டால் போனது.

‘இன் ரெயின்போஸ்’ பற்றிப் பேசினால் எல்லோரும் விலையைப் பற்றித்தான் பேசுவார்கள். 2007 அக்டோபர் 1 அன்று குழுவின் இணையதளத்தில் ஒரு சிறிய அறிவிப்பு, பத்து நாளில் ஆல்பம், விருப்பப்பட்ட தொகையைக் கொடுத்துத் தரவிறக்கிக்கொள்ளலாம். அது பெரிய செய்திதான். ஆனால் அந்தச் செய்தி பாட்டுகளை மறைத்துவிட்டது என்பது என் ஆதங்கம். இன்னொன்றும் உண்டு. அப்போது கிடைத்தது 160 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது சிடியைவிடத் தரம் குறைந்த, சுருக்கிய கோப்பு. ‘ரெக்கனர்’ பாட்டின் சிம்பல் ஓசையெல்லாம் அதில் மணல் கொட்டுவதுபோல்தான் கேட்டது. பின்னால் சிடியில் கேட்டபோதுதான் அந்த ஓசைக்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று தெரிந்தது. எந்தக் கோப்பில் கேட்டோம் என்பதும் நம் தரவரிசையை மாற்றும், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மேலே சொன்ன என் கணக்குக்கு இந்த ஆல்பம் இடிக்கும். இவர்களுக்கு என்ன குறை? பணம் இருந்தது, பெயர் இருந்தது, நேரம் இருந்தது. ஆனால் அதுவேதான் தொல்லையாகிவிட்டது. கெடு வைக்க லேபிள் இல்லாததால் 2005-இல் தொடங்கிய வேலை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. நடுவில் வேறு தயாரிப்பாளரை வைத்துப் பார்த்தார்கள், பிறகு பழைய துணையான நைஜல் காட்ரிச்சிடமே திரும்பினார்கள். கடைசியில் அவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு வேலி போட்டுக்கொண்டார்கள்: பத்தே பாட்டு, நாற்பத்திரண்டு நிமிடம். மீதி எட்டு டிராக் இரண்டாவது சிடிக்குப் போய்விட்டன. அந்த எட்டில் சில, வேறு குழுவாக இருந்தால் ஆல்பத்தின் முதல் பாட்டாக வைத்திருக்கும் தரம். தூக்கிப் போட மனம் வருவது பெரிய திறமை.

‘15 ஸ்டெப்’ ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் நடக்கிறது. கண்டநடை கேட்டுப் பழகிய காதுக்கு அதில் எந்தச் சிரமமும் இருக்காது, கை தானாகத் தட்டும். ‘நியூட்’ 1990-களின் கடைசியிலிருந்தே அவர்கள் கையில் இருந்த பாட்டு. பத்து வருடம் எந்த ஆல்பத்திலும் அடங்காமல் காத்திருந்து இங்கே வந்து உட்கார்ந்தது. பேஸ் கிடார் வரி கிடைத்ததும்தான் அது பாட்டாகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அத்தனை நிதானமாக அந்த வரி நடக்கிறது. ஆல்பம் ‘வீடியோடேப்’ என்ற பியானோப் பாட்டில் முடிகிறது, பெரிதாக எதையும் காட்டிக்கொள்ளாமல்.

போன் ஈவேரின் கதை பலமுறை சொல்லப்பட்டது. குழு உடைந்தது, காதல் உடைந்தது, உடம்பும் படுத்தது. 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக்குடிலில் ஏறக்குறைய மூன்று மாதம் தனியாக இருந்தபோது பிறந்த பாட்டுகள். இந்தக் கதை பாட்டைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. அதனால் கதை எதுவும் தெரியாத ஒரு நண்பருக்குப் பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். மூன்றாவது பாட்டில் “இவர் தனியாகவா பாடுகிறார், கூட்டமாகவா?” என்று கேட்டார். அதுதான் விஷயம். ஒரே ஆள், ஒரு சாதாரண மைக், அதே குரலை மேலே மேலே அடுக்கி ஒரு கூட்டத்தையே உண்டாக்கியிருக்கிறார். சொற்களைக்கூட முதலில் எழுதவில்லை. அர்த்தமில்லாத அசைகளைப் பாடிப் பதிவு செய்து, பிறகு அதைக் கேட்டு, அந்த ஓசைக்கு ஏற்ற சொற்களைப் பொருத்தினார். அதனால்தான் வரிகள் முழுதாகப் புரியாவிட்டாலும் எங்கோ தொடுகின்றன. நான்காவது இடத்துக்கு மேலே வைக்காததற்குக் காரணம், ஒன்பது பாட்டில் இரண்டு மூன்று ஒரே மனநிலையைத் திரும்பச் சொல்கின்றன.

‘பாக்ஸர்’ மெதுவாக வேலை செய்கிற ஆல்பம். மேட் பெர்னிங்கரின் கட்டைக்குரலைத்தான் முதலில் கவனிப்போம். ஆனால் இதை நடத்திச் செல்வது பிரையன் டெவன்டார்ஃபின் டிரம்ஸ். ‘ஸ்குவாலர் விக்டோரியா’வைப் போட்டு, குரலை மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். மற்ற கருவிகள் எல்லாம் நின்ற இடத்தில் நிற்க, அது ஒன்றுதான் பாட்டுக்குக் கதை சொல்லும். ‘ஃபேக் எம்பயர்’ பியானோவில் மூன்றின் மேல் நான்கு ஓடுகிறது, இரண்டு கையும் வேறு வேறு நடை. கேட்பவருக்கு அது கணக்காகத் தெரியாது, தூக்கம் கலையாத ஒரு ஆட்டமாகத் தெரியும்.

‘பர்சன் பிட்ச்’ செய்ய பாண்டா பேர் என்ற நோவா லெனாக்ஸ் பயன்படுத்தியது முக்கியமாக இரண்டு சிறிய சாம்பிளர் பெட்டிகள், ஒலித்துண்டைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்க வைப்பவை. லூப் சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே தேவாலய சேர்ந்திசைபோல் அவர் குரல். ‘ப்ரோஸ்’ பன்னிரண்டு நிமிடம் போனாலும் நீளம் தெரியாது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் அந்த வருடம் இதற்கு முதலிடம் கொடுத்தது. நான் ஆறில் வைத்ததற்குக் காரணம், பல பாட்டுகள் முன்பே தனித்தனியாக வெளிவந்தவை. அவற்றைச் சேர்த்து வைத்த இடத்தில் தையல் தெரிகிறது. எனக்கு ஆல்பம் என்பது ஒரே மூச்சில் கேட்பது.

‘ஹிஸ்ஸிங் ஃபானா’வைக் கேட்டால் கொண்டாட்டம்போல் இருக்கும், வரிகளைக் கவனித்தால் கை நடுங்கும். ஆஃப் மாண்ட்ரியாலை நடத்தும் கெவின் பார்ன்ஸ் நார்வேயில் இருந்தபோது மனச்சோர்விலும் மணமுறிவின் விளிம்பிலும் எழுதிய பாட்டுகள். நடுவே பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரே வேகத்தில் ஓடும் பாட்டு ஒன்று இருக்கிறது. பல்லவி கிடையாது, மூச்சுவிட இடம் கிடையாது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மட்டும் புள்ளி கொடுப்பதாக இருந்தால் முப்பதும் கொடுத்திருப்பேன். அதற்குப் பிறகு வரும் பாட்டுகள் அந்த உயரத்தில் நிற்கவில்லை.

மீதி மூன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பூன் வேண்டாததை எல்லாம் எடுத்துவிட்டு முப்பத்தாறு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், கருவி நின்றுபோன வெற்றிடமும் தாளத்தில் சேரும். ‘மிரர்ட்’டில் பேட்டில்ஸின் டிரம்ஸ் கலைஞர் ஜான் ஸ்டானியர் தன் சிம்பலை எட்டி அடிக்கிற உயரத்தில் மாட்டியிருப்பார், அந்த ஒழுங்கு ‘அட்லஸ்’ பாட்டின் ஒவ்வொரு அடியிலும் கேட்கிறது.

‘நியான் பைபிள்’ ஒன்பதாவது இடத்தில் இருப்பது சிலருக்குக் கோபம் தரும் என்று தெரியும். 2004-இல் வந்த அவர்களுடைய ‘ஃப்யூனரல்’ ஆல்பத்தை உயிருக்கு உயிராக நேசிப்பவன் நான். இந்த முறை அவர்கள் கியூபெக்கில் ஒரு பழைய தேவாலயத்தையே வாங்கி ஸ்டூடியோ ஆக்கினார்கள். மாண்ட்ரியால் தேவாலயத்தின் குழாய் ஆர்கன், புடாபெஸ்டில் இசைக்குழு, சேர்ந்திசைக்குழு. கேட்டது எல்லாம் கிடைத்தது. ‘இன்டர்வென்ஷன்’ தொடங்கும்போது அந்த ஆர்கன் நெஞ்சில் இறங்குவது உண்மை. ஆனால் அவர்கள் 2003-இலேயே வெளியிட்டிருந்த ‘நோ கார்ஸ் கோ’ பாட்டை இங்கே பெரிய இசைக்குழுவோடு மறுபடி செய்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பழையதில் இருந்த மூச்சிரைப்பு, குரல் எட்டாத உயரத்துக்குக் கத்திப் பிடிக்கிற தவிப்பு, புதியதில் குறைந்துவிட்டது. இசைக்குழு அந்த உயரத்தை அவர்களுக்காக எட்டிப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு: ‘அன்ட்ரூ’வை ஹெட்போனில், முடிந்தால் இரவில், நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். ‘கலா’வுக்கு ஹெட்போன் வேண்டாம், பேஸ் நன்றாக வரும் ஸ்பீக்கர் வேண்டும், இல்லாவிட்டால் உறுமி செய்கிற வேலை கேட்காது. ‘இன் ரெயின்போஸ்’ஸை அந்தப் பழைய எம்பி3-இல் வைத்திருப்பவர்கள் ஒருமுறை நல்ல தரமான கோப்பில் ‘ரெக்கனர்’ கேளுங்கள். ‘பாக்ஸர்’ முதல் தடவையில் ஒன்றும் செய்யாது. மூன்றாவது தடவைவரை காத்திருங்கள், டிரம்ஸ் உங்களைத் தேடி வரும்.